ஆடிப் பார்த்து எழுதியதா?
ஆட்டப் புத்தகங்களின் மதிப்புரை குறித்துச் சில கேள்விகள்

1

முதலில் ஒரு பழைய தப்பை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். 1996இல் ஒரு சிறுபத்திரிகைக்காக 'கர்ண மோட்சம்' கூத்துப் புத்தகத்தைப் பற்றி எழுதினேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கிய பெரிய எழுத்துப் பதிப்பு. அட்டையில் புகழேந்திப் புலவர் இயற்றியது என்று போட்டிருந்தது. நாட்டார் வழக்காறு, மாற்று மரபு, எதிர்க் கதையாடல் என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நானும் பார்த், பக்தின் என்று இரண்டு பெயர்களைப் போட்டுவிட்டு, பிரதியில் கூறியது கூறல் மிகுதி, விருத்தங்கள் பல இடங்களில் தளை தட்டுகின்றன, கட்டியங்காரனுக்குப் போதிய வசனம் இல்லை, எனவே எள்ளல் பலவீனமாக இருக்கிறது என்று தீர்ப்பு எழுதினேன். கூத்தை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தவனில்லை நான். அதை மதிப்புரையில் எங்கேயும் சொல்லவுமில்லை.

பத்திரிகை முந்நூறு பேருக்குப் போயிருந்தால் அதிகம். அதில் ஒன்று எப்படியோ விழுப்புரம் பக்கத்தில் கூத்து கட்டும் ஒரு வாத்தியார் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு டீக்கடையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா தம்பி அத எழுதனது? நல்லாத்தான் எழுதிக்கிற. ஆனா ஆட்டத்தப் பாக்காமயே பொஸ்தகத்துக்கு மார்க்கு போட்டுக்கிற. சொன்னதயே சொல்லுதுன்னு எழுதிக்கிறியே, அந்த அடிய நான் பாடனா பின்பாட்டுக்காரன் வாங்கிப் பாடுவான். அவன் பாடச்சொல்லதான் நான் அடவு போட்டுக்கினு களத்த சுத்தி வருவன். ஒரு தபா சொன்னா போதும்னா எனக்கு மூச்சு வுட நேரம் ஏது? கட்டியங்காரன் பேச்சு பொஸ்தகத்துல இல்லன்னு கீது. அது பொஸ்தகத்துல இருந்தா அப்புறம் அவன் எதுக்கு?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. டீக்குக் காசு கூட அவர்தான் கொடுத்தார். இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் கழித்து, கூத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் அந்தப் பேச்சு திரும்ப வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

என் அக்கா மகன் விழுப்புரத்தில் பொறியியல் படிக்கிறான். அவனும் அவன் சிநேகிதர்களும் சனி ஞாயிறுகளில் ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. நான்கைந்து பேர் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். ஊர், காடு, பகைவர், காற்று, மழை எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்', 'நான் அவரிடம் பொய் சொல்கிறேன்' என்று வாயால் ஆடுகிறார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கிறது. முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மூன்று சிறு புத்தகங்களிலிருந்து தொடங்கிய வகை இது. இன்று இதற்கென்று ஒரு பெரிய புத்தகச் சந்தையே இருக்கிறது. விதிப் புத்தகம், பூதங்களின் புத்தகம், ஆடுவதற்கான கதைகளின் புத்தகம் என்று வந்துகொண்டே இருக்கின்றன.

அவன் என்னிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தான். 2022இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்'. பதின்மூன்று கதைகள், எழுதிய அத்தனை பேரும் வெள்ளையரல்லாதவர்கள். இந்த விளையாட்டின் ஐம்பதாண்டுச் சரித்திரத்தில் இது சாதாரண விஷயமில்லை. வெஸ்லி ஷ்னைடருடன் சேர்ந்து இதைத் தலைமையேற்று உருவாக்கிய அஜித் ஜார்ஜுக்கு நம் பக்கத்தோடு ஓர் உறவு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானப்பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்காக 1997இல் தொடங்கப்பட்ட சாந்தி பவன் பள்ளியில் பொறுப்பு வகித்தவர் அவர். கதைகளில் ஒன்றான 'மணிவர்ஷாவின் மூடுபனியில்' எழுதியவர் மிமி மொண்டல். வங்கத்தைச் சேர்ந்தவர், தன்னை தலித் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு ஆங்கிலத்தில் மிகுபுனைவு எழுதுபவர். வங்கத்து ஆறும் காடும் நாட்டார் நம்பிக்கைகளும் அந்தக் கதைக்குள் வருகின்றன.

"மாமா, நீங்கதான் விமர்சனம் எழுதறவராச்சே, இதுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன்" என்றான். ஏற்கெனவே வந்திருந்த மதிப்புரைகளையும் காட்டினான். அவன் காட்டியவற்றில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் பலர்: நம்மைப் போன்றவர்கள் எழுதிய புத்தகம் வந்ததே போதும் என்பது அவர்கள் வாதம். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களும் இருந்தார்கள்: விளையாட்டில் அரசியலைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அவர்கள் கோபம். ஓவியத்தைப் புகழ்ந்தவர்கள், தாளின் தரத்தைச் சொன்னவர்கள், விலையைத் திட்டியவர்கள் எல்லாம் உண்டு. ஆடிப் பார்த்தேன் என்று எழுதியவர் மிகச் சிலரே. வாத்தியார் என்னைக் கேட்ட கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுதித் தருகிறேன், ஆனால் முதலில் ஆட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

3

இந்த நட்சத்திரங்களைப் பார்த்து நாம் சிரித்துவிட்டுப் போக முடியாது. நம் பிழைப்பும் அப்படித்தான் இருந்திருக்கிறது. 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் போட்ட 62.5 மதிப்பெண்ணை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கும் ஊர் இது. அந்த அரை மார்க் எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு. இலக்கியத்தில் க.நா.சு.வின் பட்டியல்கள் இருந்தன. அந்த முறையோடு முரண்பட்டு, 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து' இதழில் சி.சு. செல்லப்பா அலசல் விமர்சனத்தை வளர்த்தார். காரணம் சொல், வரியைக் காட்டு என்றார். பிறகு வந்த நாங்கள் அமைப்பியலையும் பின்னமைப்பியலையும் கொண்டுவந்தோம். ஆனால் ரசனை, அலசல், கட்டுடைப்பு மூன்றிலும் ஒரு பொது அனுமானம் இருந்தது: புத்தகம் முடிந்துபோன ஒரு பொருள், அதைத் தனியாக உட்கார்ந்து படிப்பவனே அதன் நீதிபதி.

இந்த அனுமானத்தை உடைத்தவர் என்று நாங்கள் கொண்டாடிய ரோலான் பார்த், 'படைப்பிலிருந்து பிரதிக்கு' என்ற 1971ஆம் ஆண்டுக் கட்டுரையில் வாசகன் பிரதியை விளையாட வேண்டும், இசைக் குறிப்பை வாசிப்பதுபோல வாசித்து நிகழ்த்த வேண்டும் என்ற பொருளில் பேசினார். நாங்கள் அதை உருவகமாக எடுத்துக்கொண்டு மேற்கோள் காட்டினோம். கூத்துப் புத்தகத்துக்கும் இந்த ஆட்டப் புத்தகத்துக்கும் அது உருவகமில்லை, நேரான பொருள். இவை ஆடுவதற்காகவே அச்சடிக்கப்பட்டவை. ஆட்டத்துக்கு வெளியே இவை பாதிப் பொருள்தான்.

எண்ணுக்கு இந்த விளையாட்டுக்காரர்கள் அடிமையானதற்குத் தனிக் காரணமும் உண்டு. அவர்கள் விளையாட்டே எண்ணால் கட்டப்பட்டது. ஒரு பாத்திரத்தின் பலம், அறிவு, வசீகரம் எல்லாம் மூன்று பகடைகளை உருட்டி 3 முதல் 18 வரை அளக்கப்பட்டன. 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகம் இந்தியத் தெய்வங்கள் உட்பட உலகத் தெய்வங்களுக்கெல்லாம் உயிர்ப்புள்ளி போட்டது. எத்தனை அடி விழுந்தால் ஒரு கடவுள் சாவார் என்று கணக்குச் சொன்னது! கடவுளுக்கே மார்க் போட்டவர்கள் புத்தகத்துக்குப் போடமாட்டார்களா?

ஆனால் எண் எதை மறைக்கிறது என்று பாருங்கள். நான்கு பேர் ஒரு புத்தகத்துக்கு மதிப்பெண் இடுகிறார்கள். இரண்டு பேர் ஐந்து, இரண்டு பேர் ஒன்று. சராசரி மூன்று. நான்கு பேரில் ஒருவர்கூட மூன்று என்று சொல்லவில்லை. 'சுமாரான புத்தகம்' என்று யாருமே நினைக்காத ஒரு கருத்து, எல்லோருடைய கருத்தாக நிலைநாட்டப்படுகிறது. அவர்களுக்குள் இருந்த சண்டைதான் அந்தப் புத்தகத்தைப் பற்றிய முக்கியமான செய்தி. சராசரி அதைத்தான் அழிக்கிறது. கருத்தொற்றுமை என்பது எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது என்று அரசியலில் கேட்கிற நாம் இங்கேயும் கேட்க வேண்டும்.

எண்ணுக்குப் பதில் நடுவர் குழு வைத்தால் சரியாகிவிடுமா? இந்தத் துறையில் 2001 முதல் தரப்பட்டுவரும் 'என்னி' விருதுகளில் நடுவர்கள் ஐந்து பேர். அவர்களையும் ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடுவர்கள் போடும் குறும்பட்டியலின் மீது மறுபடியும் பொது வாக்கு. நம் ஊர் விருதுக் குழுக்களைவிட இது ஜனநாயகமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வந்து குவியும் புத்தகங்களையெல்லாம் ஐந்து பேர் எப்படி ஆடிப் பார்ப்பார்கள்? வாக்களிக்கிறவர்களுக்கும் பல புத்தகங்கள் அலமாரியில் இருப்பவைதான். தேர்ந்தெடுப்பவர் யார் என்பதை அவர்கள் ஜனநாயகப்படுத்தினார்கள். எதை அடிப்படையாக வைத்துத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

4

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு இரவுகள் ஆடினோம். கதை நடத்தியது மருமகன். ஆடியது ஐந்து பேர். என்னையும் சேர்த்து நான்கு பேருக்கு இது முதல் ஆட்டம். படித்தபோது தெரியாத சில விஷயங்கள் முதல் மணி நேரத்திலேயே தெரிந்தன. கதை ஒன்பதாம் படியில் இருக்கும் பாத்திரங்களுக்கானது என்று புத்தகம் சொல்லத்தான் செய்கிறது. படிக்கும்போது அது வெறும் எண். ஆட உட்கார்ந்தபோது ஆளுக்கு இரண்டு பக்கம் நிறைய மந்திரமும் திறமையும் கையில் இருக்க, என் முறை வரும்போதெல்லாம் நான் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சண்டை ஒன்று ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம் ஓடியது. உரக்கப் படிக்க வேண்டிய வர்ணனைகள் ஆங்கிலத்தில் அழகாக இருந்தன. தமிழில் சொல்லும்போது மருமகன் அவற்றைப் பாதியாக வெட்டினான். ஆறும் வெள்ளமும் வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தென்பெண்ணையில் தண்ணீர் வந்த கதையைத் தன் சொந்தச் சொற்களில் சொன்னான். அன்று இரவின் சிறந்த பகுதி அதுதான். அதற்கான மதிப்பெண்ணைப் புத்தகத்துக்குக் கொடுப்பதா, அவனுக்குக் கொடுப்பதா?

இரண்டாம் இரவு நடந்தது வேறு. ஆட வந்திருந்தவர்களில் ஒரு பெண், திண்டிவனத்தை அடுத்த ஒரு காலனியைச் சேர்ந்தவர், பாத்திரம் உருவாக்கும்போதே கேட்டார்:

"இந்த ஊர்ல காலனி எங்க இருக்கு?"

மருமகன் புத்தகத்தைப் புரட்டினான். நாங்கள் ஆடிய பகுதியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. "இது கற்பனை ஊருக்கா. இங்க காலனிலாம் கிடையாது" என்றான்.

"அப்ப நான் எங்கருந்து வரேன்?"

யாரும் பேசவில்லை. பிறகு அவரே, ஆற்றின் அக்கரையிலிருந்து வருவதாகவும், இக்கரையில் யாரும் தன்னை ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடாததால் இன்னும் பெயர் சொல்லவில்லை என்றும் வைத்துக்கொண்டார். அதற்குப் பின் எங்கள் கதை புத்தகத்தில் இருந்த வழியில் போகவில்லை.

இதை நான் புத்தகத்தின் குறையாகச் சொல்லவில்லை. சாதியில்லாத ஒரு நிலத்தைக் கற்பனை செய்ய ஒரு தலித் எழுத்தாளருக்கு எல்லா உரிமையும் உண்டு. சேரியை மட்டுமே எழுது என்று அவரிடம் கேட்பதும் ஒரு வகை அதிகாரம்தான். அந்தத் தவறைத் தமிழில் நாம் நிறையச் செய்திருக்கிறோம். ஆனால் அந்த வெற்றிடம் ஒருவருக்கு விடுதலையாகவும் இன்னொருவருக்குத் தன் இருப்பே அழிக்கப்பட்டதாகவும் இருக்க முடியும் என்பது ஆடும்போதுதான் வெளிப்பட்டது. ஐந்து நட்சத்திரக்காரரும் ஒற்றை நட்சத்திரக்காரரும் பார்க்காத கேள்வி அது. அவர்கள் பார்க்காததற்குக் காரணம் புத்தியில்லாததல்ல. அந்தக் கேள்வி காகிதத்தில் இல்லை. அங்கே வந்து உட்கார்ந்த ஓர் ஆளிடம் இருந்தது.

5

யார் வந்து உட்கார முடிகிறது என்பதை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு லேசாகப் பேச முடியாது. பாரதக் கூத்து இங்கே திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவோடு பிணைந்தது. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளம், தீமிதி. செஞ்சியையும் மேலச்சேரியையும் மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டபைடல் எழுதிய நூல் 1988இல் வந்து, இந்த மரபை உலகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோனது. அதே மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழையக் கூடாது என்று தடுத்த பிரச்சினையில், 2023 ஜூனில் கோயிலுக்கு சீல் வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது.

கூத்துப் பிரதியைத் தனியறையில் படித்து 'மக்கள் கலை' என்று புகழ்கிற மதிப்புரையில் இது எதுவும் வராது. எந்தக் களத்தில் ஆடப்பட்டது, யார் முன்னால் உட்கார்ந்தார்கள், யார் தூரத்தில் நின்று பார்த்தார்கள் என்பதெல்லாம் பிரதிக்கு வெளியே இருப்பதாக நாம் ஒதுக்கிவிட்டோம். ஆடப்படுவதற்கான பிரதிக்கு அந்த வெளி என்பதே கிடையாது. களமும் பிரதியின் ஒரு பக்கம்தான்.

6

அப்படியானால் ஆட்டப் புத்தகத்துக்கு எப்படி மதிப்புரை எழுதுவது? கூத்துப் புத்தகம், நாடகப் பிரதி, மருமகன் கொண்டுவந்த புத்தகம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படித்து எழுதியதா, பார்த்து எழுதியதா, ஆடி எழுதியதா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். எத்தனை பேர், எத்தனை இரவு, எந்த மொழியில், முன்பழக்கம் உண்டா இல்லையா என்பதையும். புத்தகம் கொடுத்தது எது, நாங்கள் கொண்டுவந்தது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். கட்டியங்காரன் பேச்சைப் புலவர் கணக்கிலும் எழுதக் கூடாது, புலவர் விட்ட இடத்தைக் குறையாகவும் எழுதக் கூடாது. ஆட்டம் தடுமாறிய இடத்தைச் சொல்லும்போது தடுமாறியது புத்தகமா நாமா என்று யோசிக்க வேண்டும். யார் வந்து உட்கார முடிந்தது, யாருக்கு இடமில்லாமல் போனது என்று எழுத வேண்டும். புத்தகம் இனாமாக வந்ததா, எழுதியவர் நண்பரா என்பதும் வெளிப்பட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் சிறுபத்திரிகைக்காரர்கள் யாருக்கும் பாடம் எடுக்கத் தகுதியில்லாதவர்கள். நண்பர்கள் நண்பர்களுக்கு எழுதிக்கொண்ட மதிப்புரைகளைக் கழித்துவிட்டால் நம் பழைய இதழ்களில் மிஞ்சுவது எத்தனை பக்கம்? எண் போட்டே தீர வேண்டும் என்கிறவர்கள் சராசரியைப் போடாமல் யார் யார் என்ன போட்டார்கள் என்று அப்படியே போடட்டும். படித்தவர்களின் எண்ணையும் ஆடியவர்களின் எண்ணையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

எதிர்வாதங்கள் உண்டு. ஆடித்தான் எழுத வேண்டும் என்றால் யாருமே எழுத மாட்டார்கள், பெரிய நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகாது, நூறு இருநூறு படி அச்சடிக்கிறவன்தான் மதிப்புரை இல்லாமல் சாவான் என்றார் ஒரு நண்பர். உண்மை. படித்து எழுதுவதை நான் தடை செய்யச் சொல்லவில்லை. படிப்பதற்கென்றே இந்தப் புத்தகங்களை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் ஒரு இன்பம்தான். படித்தது என்று சொல்லிவிட்டு எழுதட்டும் என்பதே என் கோரிக்கை. நல்ல வாத்தியார் கையில் மோசமான பிரதியும் ஜொலிக்கும், அப்புறம் ஆடிய மதிப்புரையை எப்படி நம்புவது என்பது இன்னொரு கேள்வி. இதற்கு ஒரே வழி, ஒரே புத்தகத்தை இரண்டு குழுக்கள் ஆடி, இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான். இரண்டும் முரண்பட்டால் நல்லது. முரண்படும் இடத்தில்தான் புத்தகம் எவ்வளவு, ஆட்டக்காரர் எவ்வளவு என்று தெரியும்.

மூன்றாவது வாதம் கடினமானது. அனுபவித்தவனே பேசலாம் என்ற பழைய வாதத்தைப் பின்கதவு வழியாகக் கொண்டுவருகிறாயா என்று கேட்கலாம். இல்லை. ஆடியவருக்குத்தான் உண்மை தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஆடியவர்கள் தங்கள் ஆட்டத்தின் மயக்கத்தில் புத்தகத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதும் நடக்கும். பேசுகிறவர் எங்கே நின்று பேசுகிறார் என்பதை மறைக்காமல் இருக்க வேண்டும். நட்சத்திரம் செய்யும் மோசடி அது ஒன்றுதான்: எங்கேயும் நிற்காத ஒரு குரல் இருப்பதாகப் பாவனை செய்கிறது. என் 1996ஆம் ஆண்டு மதிப்புரையும் அதையேதான் செய்தது.

7

கர்ண மோட்சத்தைப் பிறகு இரண்டு முறை விடிய விடியப் பார்த்தேன். புகழேந்திப் புலவர் பெயரிலுள்ள அதே கூத்தை ஹன்னே டி புருயின் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1998இல் வெளியிட்டது, அதையும் படித்தேன். போருக்குப் புறப்படும் கர்ணனின் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துகிறாள் மனைவி பொன்னுருவி. புத்தகத்தில் அந்தத் தர்க்கம் நீண்டுகொண்டே போவதாகத் தெரிந்து, அதைத்தான் நான் கூறியது கூறல் என்றேன். களத்தில் ஒவ்வொரு முறையும் பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கிப் பாட, கர்ணன் கட்டியவர் பதில் சொல்லாமல் சுற்றி வந்தார். பிறப்பைக் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லாதவன் எவ்வளவு நேரம் சுற்ற வேண்டியிருக்கிறது என்பது அந்த நீளத்தில்தான் இருக்கிறது. அந்த மதிப்புரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாத்தியார் இப்போது இல்லை.

மருமகனுக்கு எழுதிக் கொடுத்த மதிப்புரையின் ஆரம்பம் இது: 'ஆடி எழுதியது. திண்டிவனத்தில் இரண்டு இரவுகள், ஐந்து பேர், நான்கு பேருக்கு முதல் ஆட்டம். தமிழில் ஆடினோம். புத்தகம் காசு கொடுத்து வாங்கியது. புதியவர்கள் ஒன்பதாம் படியில் தொடங்க வேண்டாம். சண்டைகளில் ஒன்றைக் குறைக்கலாம். ஆறு வரும் இடங்களில் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் ஊர் ஆற்றைச் சொல்லுங்கள், கதை தாங்கும். எங்களில் ஒருவர் இந்த ஊரில் காலனி எங்கே என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் ஆடும்போது யாராவது கேட்டால் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.'

நட்சத்திரம் எத்தனை என்று மருமகன் கேட்டான். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடச் சொன்னேன்.